ஒரு குடும்பம், இரண்டு மாநில வரி: ஃப்ரீடாக்ஸ்யூஎஸ்ஏ கைகொடுக்கும் இடமும் கைவிடும் இடமும்

கணவருக்கு ஒரு மாநிலத்தில் சம்பளம், மனைவிக்கு வேறொரு மாநிலத்தில் சம்பளம். அமெரிக்காவில் ஐடி வேலையில் இருக்கும் நம்மவர் வீடுகளில் இது இப்போது சர்வ சாதாரணம். நியூ ஜெர்சி பிளெயின்ஸ்பரோவில் வீடு. ஒருவர் ரயிலேறி மன்ஹாட்டன் போகிறார், மற்றவர் காரை எடுத்துக்கொண்டு ஃபிலடெல்ஃபியா போகிறார். இன்னொரு வீட்டில் மனைவி சன்னிவேலில், கணவர் டல்லாஸில். சந்திப்பது வார இறுதிகளில் மட்டும். வரித் தாக்கலின் கடைசி நாளான ஏப்ரல் 15 நெருங்க நெருங்க இரண்டு வீட்டிலும் எழும் கேள்வி ஒன்றுதான்: மாநிலத்துக்குப் பதினைந்து டாலர் சொச்சம் வாங்கும் ஃப்ரீடாக்ஸ்யூஎஸ்ஏ என்ற வரித் தாக்கல் தளம் போதுமா, இல்லை பெரிய பெயர்களுக்குப் பெரிய தொகை கொடுக்க வேண்டுமா?

முதல் வீட்டுக்குப் போதும், தாராளமாகவே போதும். இரண்டாவது வீடு அதை நம்பி உட்காரக் கூடாது. ஒரே மாநிலத்தில் வாழ்ந்துகொண்டு வெவ்வேறு மாநிலங்களில் வேலை பார்ப்பது ஒரு கணக்கு. வாழ்வதே வெவ்வேறு மாநிலங்களில் என்றால் அது வேறொரு கணக்கு. கடைகளில் கிடைக்கும் வரி மென்பொருள்கள் முதல் கணக்குக்காகக் கட்டப்பட்டவை. இரண்டாவதில் முடிவுகளை நாம் எடுத்துவிட்டு, எண்களை மட்டும் அவற்றிடம் கொடுக்க வேண்டும்.

முதலில் பொருளைப் பற்றி. யூட்டா மாநிலத்தின் ப்ரோவோவில் இருக்கும் டாக்ஸ்ஹாக் நிறுவனத்தின் தளம் இது. ஃபெடரல் ரிட்டர்ன், அதாவது மத்திய அரசுக்கான வரிக் கணக்குத் தாக்கல், இலவசம். வாடகை வருமானம், பங்கு விற்பனை, ஹெச்எஸ்ஏ (மருத்துவச் சேமிப்புக் கணக்கு), சொந்தத் தொழில் என்று எது சேர்ந்தாலும் ஃபெடரலுக்குக் காசு கேட்பதில்லை. போட்டி மென்பொருளான டர்போடாக்ஸின் ஆன்லைன் பதிப்பில் வருமான வகை கூடக் கூட அடுத்த விலைப்படிக்கு ஏற்றிவிடுவார்கள். இங்கே அது இல்லை. கட்டணம் மாநில ரிட்டர்னுக்கு மட்டும். இரண்டு மாநிலம் என்றால் முப்பது டாலரை ஒட்டி வரும். சுமார் எட்டு டாலர் கூடக் கொடுத்து டீலக்ஸ் எடுத்தால், பின்னால் திருத்திய ரிட்டர்ன் போடவும் சாட்டில் முன்னுரிமையோடு பதில் பெறவும் வழி கிடைக்கும். இரண்டு மாநிலக்காரர்களுக்கு அந்த எட்டு டாலர் வீண் செலவு அல்ல. ஒரு மாநிலத்தில் ஓர் எண் மாறினால் அடுத்த மாநிலத்தையும் திருத்த வேண்டியிருக்கும்.

இல்லாததையும் சொல்லிவிட வேண்டும். நான்ரெசிடென்ட்டுகளுக்கான, அதாவது வரிக் கணக்கில் குடியிருப்பவராகக் கருதப்படாதவர்களுக்கான, 1040-என்ஆர் படிவம் இதில் கிடையாது. ஆண்டு நடுவில் ஹெச்-1பி விசாவில் வந்து இறங்கி, அந்த ஒரு வருடம் பாதி நான்ரெசிடென்ட், பாதி ரெசிடென்ட் என்று ஃபெடரலில் தாக்கல் செய்ய வேண்டியவர்கள் வேறு இடம் பார்க்க வேண்டும். இதைவிடச் சிக்கனம் என்று கேஷ் ஆப் டாக்ஸஸ் பக்கம் போகிறவர்களுக்கும் ஒரு சொல்: அது முழுக்க இலவசம்தான், ஆனால் ஒன்றுக்கு மேற்பட்ட மாநிலம் என்றால் அங்கே வழியில்லை.

டபிள்யூ-2வின் கீழ்வரிசை

டபிள்யூ-2 என்பது கம்பெனி ஆண்டுதோறும் தரும் சம்பளச் சான்று. பிழைகளில் பாதி அதன் கீழ்வரிசையில்தான் பிறக்கிறது. 15-ஆம் பெட்டியில் மாநிலத்தின் பெயர், 16-இல் அந்த மாநிலம் கணக்கில் எடுக்கும் சம்பளம், 17-இல் பிடித்த மாநில வரி. 18 முதல் 20 வரை உள்ளூர் வரி.

நியூ ஜெர்சியில் குடியிருந்து நியூ யார்க்கில் வேலை பார்ப்பவரின் டபிள்யூ-2வில் 1-ஆம் பெட்டியில் 120,000 என்று வைத்துக்கொள்வோம். கீழே இரண்டு வரி இருக்கலாம்: நியூ யார்க் 120,000, நியூ ஜெர்சி 124,800. இரண்டையும் கூட்டினால் 244,800. சம்பளத்தை இரண்டு முறை காட்டிவிட்டார்கள் என்று பதறி, கம்பெனிக்கு மின்னஞ்சல் அனுப்புகிறவர்கள் பலர். அவசியமே இல்லை. 16-ஆம் பெட்டியில் மொத்த ஃபெடரல் சம்பளத்தையும் போடச் சொல்வது நியூ யார்க்கின் விதி. நியூ ஜெர்சியோ தன் கணக்கைத் தனியாக வைத்திருக்கிறது. 401(கே) ஓய்வுக்காலச் சேமிப்புப் பிடித்தத்தை அது கழிக்கும். ஆனால் சம்பளத்திலிருந்து வரிக்கு முன் போகும் மருத்துவக் காப்பீட்டு பிரீமியம், ஹெச்எஸ்ஏ, எஃப்எஸ்ஏ (செலவுக்கென ஒதுக்கும் கணக்கு) இவற்றைக் கழிக்காது. அந்த 4,800 வித்தியாசம் காப்பீட்டு பிரீமியம்.

எண்களை அச்சடித்தபடியே போடுங்கள், திருத்தாதீர்கள். தப்பு நடப்பது வேறு விதத்தில். சில கம்பெனிகள் இரண்டாவது மாநிலத்தை இரண்டாவது தாளில் அச்சடித்துத் தரும். அதைப் புது டபிள்யூ-2 என்று நினைத்து 1-ஆம் பெட்டியோடு மறுபடி பதிந்தால் ஃபெடரல் சம்பளமே இரட்டிப்பாகிவிடும். கம்பெனியின் வரி அடையாள எண்ணான ஈஐஎன்னும் 1-ஆம் பெட்டித் தொகையும் ஒன்றாக இருந்தால் அது ஒரே டபிள்யூ-2. மென்பொருளில் அதே பக்கத்தின் கீழே இன்னொரு மாநில வரியைச் சேர்த்தால் போதும். பிடிஎஃப்பை ஏற்றித் தானாக நிரப்பினாலும் இந்தக் கீழ்வரிசையை மட்டும் தாளோடு ஒருமுறை ஒத்துப் பாருங்கள்.

ஒரே வீடு, இரண்டு வேலை

இப்போது பிளெயின்ஸ்பரோ வீட்டின் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். கணவருக்கு நியூ யார்க்கில் 120,000 டாலர், மனைவிக்கு ஃபிலடெல்ஃபியாவில் 80,000. ஃபெடரலில் ஜாயின்ட், அதாவது இருவரும் சேர்ந்து ஒரே ரிட்டர்ன். எளிமைக்காகக் காப்பீட்டு வித்தியாசத்தையும் வீட்டு வரிக் கழிவையும் விட்டுவிடுவோம். விகிதங்கள் 2024-க்கானவை.

வரிசை முக்கியம். முதலில் வேலை பார்க்கும் மாநிலத்தின் நான்ரெசிடென்ட் ரிட்டர்ன், அது முழுசாக முடிந்த பிறகுதான் குடியிருக்கும் மாநிலத்தின் ரிட்டர்ன். வெளிமாநிலத்தில் கட்டிய வரிக்காகக் குடியிருக்கும் மாநிலம் தன் வரியில் குறைத்துக் கொடுக்கும் கிரெடிட்டுக்கு அந்த வரித் தொகை தெரிந்தாக வேண்டுமே. மாற்றிச் செய்தால் மென்பொருள் தடுக்காது; கிரெடிட் பூஜ்யம் என்று காட்டிவிட்டு நகர்ந்துவிடும்.

நியூ யார்க்கின் படிவம் ஐடி-203. மனைவிக்கு அங்கே ஒரு சென்ட் வருமானம் இல்லை. ஆனாலும் ஃபெடரலில் ஜாயின்ட், இருவருமே நியூ யார்க்குக்கு நான்ரெசிடென்ட் என்பதால் இங்கேயும் ஜாயின்ட்தான். அவர் பெயரும் கையெழுத்தும் வேண்டும். படிவத்தில் இரண்டு பத்தி: ஃபெடரல் தொகை, நியூ யார்க் தொகை. மனைவியின் 80,000 ஃபெடரல் பத்தியில் மட்டும் வர வேண்டும். அதை நியூ யார்க் பத்தியில் பார்த்தால் ஏதோ ஒரு டபிள்யூ-2வில் மாநிலம் தப்பாகப் பதிவாகியிருக்கிறது என்று அர்த்தம்.

மொத்தம் 200,000-க்கும் ரெசிடென்ட் மாதிரி வரி போட்டு, அதில் 60 சதவீதத்தை நியூ யார்க் எடுத்துக்கொள்ளும். மனைவியின் சம்பளத்துக்கு அங்கே நேரடியாக வரி இல்லை, ஆனால் அது கணவரின் சம்பளத்தை மேல் விகிதத்துக்குத் தள்ளிவிடுகிறது. கடைசியில் நியூ யார்க் வரி 6,500 டாலரை ஒட்டி நிற்கும்.

அடுத்து நியூ ஜெர்சி. இரண்டு பேருக்கும் தலா 1,000 விலக்கு போக 198,000-க்கு வரி 8,570 டாலர். நியூ யார்க்கில் கட்டிய 6,500-ஐ அப்படியே கழித்துவிடலாம் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். முடியாது. இந்தக் கிரெடிட்டைக் கணக்கிடும் என்ஜே-சிஓஜே அட்டவணையில் ஓர் உச்சவரம்பு இருக்கிறது. இரண்டு மாநிலமும் வரி போடும் வருமானம் மொத்த வருமானத்தில் எத்தனை பங்கோ, நியூ ஜெர்சி வரியில் அத்தனை பங்கு வரைதான் கிரெடிட். 120,000-ஐ 200,000-ஆல் வகுத்து 8,570-ஆல் பெருக்கினால் 5,142. நியூ யார்க்குக்குக் கொடுத்தது 6,500. நியூ ஜெர்சி ஒத்துக்கொள்வது 5,142. நடுவில் உள்ள 1,350 டாலர் சொச்சம் எங்கும் திரும்பி வராது. அது மென்பொருளின் தப்பு இல்லை. டர்போடாக்ஸில் போட்டாலும், ஆடிட்டரிடம் கொடுத்தாலும் இதே எண்தான் வரும்.

இந்தப் பக்கத்தில் நடக்கும் பெரிய தவறு, வெளிமாநில வரி என்று கேட்கும் இடத்தில் 17-ஆம் பெட்டித் தொகையைப் போடுவது. பிடித்த வரி வேறு, விதிக்கப்பட்ட வரி வேறு. சம்பளத்தில் 7,400 பிடித்திருந்து, ஐடி-203 கணக்கில் வரி 6,500 என்று வந்தால், மீதி 900 நியூ யார்க்கிலிருந்து ரீஃபண்டாக வரும். கிரெடிட்டுக்குப் போட வேண்டியது 6,500. ஐடி-203-இன் பிடிஎஃப்பை இன்னொரு விண்டோவில் திறந்து வைத்துக்கொண்டு, வரித் தொகை எழுதியிருக்கும் வரியைப் பார்த்து நிரப்புங்கள். மென்பொருள் தானாக ஓர் எண்ணை நிரப்பி வைத்திருந்தாலும் ஒத்துப் பார்க்காமல் அடுத்த பக்கம் போகக் கூடாது.

வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை செய்கிறவர்களுக்கு ஐடி-203-பி படிவம் ஒரு பொறி. நியூ யார்க்குக்கு வெளியே எத்தனை நாள் வேலை பார்த்தீர்கள் என்று அது கேட்கும். வீட்டில் இருந்த நாட்களை எண்ணிப் போடத்தான் கை போகும். ஆனால் கம்பெனியின் தேவைக்காக அல்லாமல் உங்கள் வசதிக்காக வீட்டிலிருந்து வேலை செய்த நாட்களை நியூ யார்க் தன் நாட்களாகவே எண்ணுகிறது. 2006-இல் அந்த மாநில வரித்துறை வெளியிட்ட டிஎஸ்பி-எம்-06(5)ஐ குறிப்பு இதற்கான சோதனைகளை விரிவாகச் சொல்கிறது. சாப்பாட்டு மேசையில் லேப்டாப் வைத்து வேலை பார்ப்பது அந்தச் சோதனையில் தேறாது. வாடிக்கையாளர் அலுவலகத்துக்காக டெக்சாஸ் போய்வந்த நாட்களைப் போடலாம். டிக்கெட்டும் ஓட்டல் ரசீதும் பத்திரமாக இருக்கட்டும். விடுமுறை, சிக் லீவ் நாட்களை மொத்த வேலைநாள் கணக்கிலேயே சேர்க்கக் கூடாது. மென்பொருள் நாட்களை மட்டும் கேட்கும். எந்த நாள் செல்லும், எது செல்லாது என்பதை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மனைவியின் பக்கம் இதற்கு நேர்மாறு. நியூ ஜெர்சிக்கும் பென்சில்வேனியாவுக்கும் 1970-களிலிருந்தே பரஸ்பர ஒப்பந்தம் இருக்கிறது. அடுத்த மாநிலத்தில் வாங்கும் சம்பளத்துக்குச் சொந்த மாநிலத்தில் மட்டும் வரி கட்டினால் போதும். ஆகவே பென்சில்வேனியா ரிட்டர்ன் தேவையே இல்லை. பென்சில்வேனியா வரி பிடிக்க வேண்டாம் என்று சொல்லும் ஆர்இவி-419 படிவத்தைக் கம்பெனியில் கொடுத்திருந்தால் 15-ஆம் பெட்டியில் என்ஜே மட்டும் இருக்கும்.

படிவம் கொடுக்க மறந்து 80,000-க்கு 3.07 சதவீதம், அதாவது 2,456 டாலர், பென்சில்வேனியாவுக்குப் போயிருந்தால்? என்ஜே-சிஓஜேயில் அதைக் கிரெடிட்டாகக் காட்டிவிட வேண்டாம். ஒப்பந்தத்துக்குள் வரும் சம்பளத்துக்கு நியூ ஜெர்சி கிரெடிட் தராது. மென்பொருள் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொள்ளும், பின்னால் நோட்டீஸ் வரும். சரியான வழி, பிஏ-40 படிவத்தில் பென்சில்வேனியா சம்பளத்தைப் பூஜ்யம் என்று காட்டி முழுத் தொகையையும் ரீஃபண்ட் கேட்பது. கூடவே டபிள்யூ-2வும் நியூ ஜெர்சி ரிட்டர்னின் நகலும் போக வேண்டும். இதற்கு மென்பொருளுக்குக் காசு கொடுக்கவும் வேண்டாம், பென்சில்வேனியாவின் மைபாத் தளத்தில் இலவசமாகவே செய்யலாம். இதற்கிடையில் நியூ ஜெர்சிக்குக் கட்ட வேண்டியதைக் கையிலிருந்து கட்டியாக வேண்டும், ரீஃபண்ட் வரும்வரை அது காத்திருக்காது.

இனி பலரும் கோட்டைவிடும் இடம். ஒப்பந்தம் மாநில வரிக்குத்தான். ஃபிலடெல்ஃபியா நகரம் சம்பளத்துக்குப் போடும் வேஜ் டாக்ஸுக்கு இல்லை. 2024-இல் வெளியூர்க்காரர்களுக்கு அது 3.44 சதவீதம். 80,000-க்கு 2,752 டாலர். டபிள்யூ-2வில் 19-ஆம் பெட்டியில் இருக்கும். நியூ ஜெர்சி இந்த நகர வரிக்குக் கிரெடிட் தருகிறது, ஆனால் அதற்குத் தனியாக இன்னொரு என்ஜே-சிஓஜே போட வேண்டும். நியூ யார்க்கோடு சேர்த்து ஒரே தாளில் எழுத முடியாது. உச்சவரம்பு 80,000-ஐ 200,000-ஆல் வகுத்து 8,570-ஆல் பெருக்க 3,428. கட்டியது அதற்குள் இருப்பதால் 2,752-உம் முழுசாகக் கிடைக்கும். 8,570-இல் 5,142-உம் 2,752-உம் போனால் நியூ ஜெர்சிக்கு நிகர வரி 676 டாலர்தான். நகர வரிக்கு நான்ரெசிடென்ட் மாநில ரிட்டர்ன் என்று ஒன்று இல்லாததால் மென்பொருள் அதைத் தானாக நினைவூட்டும் என்று எதிர்பார்க்கக் கூடாது. கிரெடிட் பக்கத்துக்கு நாமே திரும்பிப் போய் ஃபிலடெல்ஃபியாவை இரண்டாவதாகச் சேர்க்க வேண்டும். ஒரே ஒரு பக்கத்தை விட்டதற்கு 2,752 டாலர் போய்விடும்.

இந்த மாதிரி வீட்டுக்கு ஃப்ரீடாக்ஸ்யூஎஸ்ஏவைத் தயங்காமல் சொல்லலாம். இரண்டு மாநிலக் கட்டணம், ஒரு மாலை நேரம், முடிந்தது. வர்ஜீனியாவில் வீடு, ஒருவர் வாஷிங்டன் டிசியிலும் மற்றவர் மேரிலாந்திலும் வேலை என்றால் இன்னும் சுலபம். இரண்டோடும் ஒப்பந்தம் இருப்பதால், பிடித்தம் சரியாக இருந்தால் வர்ஜீனியா ரிட்டர்ன் ஒன்றே போதும். ஆனால் இவை சம்பளத்துக்கான ஒப்பந்தங்கள். வாடகைக்கும் சொந்தத் தொழிலுக்கும் பொருந்தாது.

இரண்டு வீடு

இன்னொரு தம்பதி: மனைவி நியூ யார்க் நகரவாசி, கணவர் நியூ ஜெர்சிவாசி. ஃபெடரலில் ஜாயின்ட் போடுவதில் தடையில்லை. மாநிலத்தில் அப்படியே ஜாயின்ட் போட்டால், இருவரையும் நியூ யார்க் ரெசிடென்ட்டாகக் கருதி, ரெசிடென்ட் படிவமான ஐடி-201 போட வேண்டும். கணவர் நியூ ஜெர்சியில் சம்பாதித்ததுக்கும் நியூ யார்க் வரி. 3.078 முதல் 3.876 சதவீதம் வரை போகும் நகர வரி மனைவிக்கு எப்படியும் உண்டு. பெரும்பாலும் லாபமான வழி, மாநில அளவில் பிரிந்து போடுவதுதான்: மனைவி தனியாக ஐடி-201, கணவர் தனியாக என்ஜே-1040. இரண்டு மாநிலமும் இதை அனுமதிக்கின்றன.

மென்பொருள் திணறுவது இங்கேதான். ஒரு கணக்கு என்றால் ஒரு ஃபெடரல் ரிட்டர்ன், மாநில ரிட்டர்னும் அதன் வாலைப் பிடித்தே வரும். ஃபெடரல் ஜாயின்ட், மாநிலம் செபரேட் என்று சொல்ல இடமில்லை. வழக்கமான மாற்று வழி டம்மி ரிட்டர்ன். முதல் கணக்கில் உண்மையான ஜாயின்ட் ஃபெடரல் தாக்கல் ஆகிவிடும். பிறகு ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கு திறந்து, செபரேட் என்ற நிலையில் அவரவர் வருமானத்தை மட்டும் போட்டு ஃபெடரலை உருவாக்கி, அதிலிருந்து மாநில ரிட்டர்னை மட்டும் எடுக்க வேண்டும். டம்மி ஃபெடரலை எக்காரணம் கொண்டும் அனுப்பிவிடக் கூடாது. உண்மையான ரிட்டர்னுக்கு முன்னால் அது போய்விட்டால், ஜாயின்ட் ரிட்டர்னை மத்திய வரித்துறையான ஐஆர்எஸ் மின்வழியில் ஏற்காது, திருத்தப் படிவமான 1040-எக்ஸ் போட்டுத்தான் சரிசெய்ய வேண்டியிருக்கும். டம்மி கணக்கில் வங்கி எண்ணைக்கூட நிரப்பாமல் விட்டால் கை தவறி அனுப்பும் அபாயம் குறையும்.

இப்படி எடுத்த மாநில ரிட்டர்னை ஃபெடரல் இல்லாமல் இ-ஃபைல் செய்ய மென்பொருள் இடம் தராவிட்டால் அச்சிட்டு, கையெழுத்துப் போட்டு, தபாலில் அனுப்ப வேண்டும். கணவருக்கு ஒரு நல்ல வழி உண்டு. நியூ ஜெர்சி ரெசிடென்ட்டுகளுக்கு மாநிலத்தின் சொந்த இணையதளத்திலேயே என்ஜே-1040-ஐ இலவசமாகத் தாக்கல் செய்யலாம். டம்மியிலிருந்து எண்களை எடுத்து அங்கே நிரப்பினால் தபால் செலவும் இல்லை, மென்பொருள் கட்டணமும் இல்லை. நியூ யார்க் ரிட்டர்னில் டபிள்யூ-2வை இணைக்கக் கூடாது, அதற்குப் பதிலாக ஐடி-2 படிவம் போகும். கூட்டு வங்கிக் கணக்கின் வட்டியை ஆளுக்குப் பாதி பிரித்துப் போடுங்கள். ஒருவர் ஐடமைஸ் செய்தால் (கழிவுகளை ஒவ்வொன்றாகப் பட்டியலிட்டால்) டம்மியில் மற்றவருக்கும் அதே முறை.

மூன்று கணக்கு, மூன்று மின்னஞ்சல், மூன்று கடவுச்சொல் என்று அலைவதைவிட, இந்த வீட்டுக்கு கணினியில் நிறுவும் டர்போடாக்ஸோ ஹெச் அண்ட் ஆர் பிளாக்கோதான் ஏற்றது. ஜாயின்ட் ஃபைலை வேறு பெயரில் இரண்டு முறை சேமித்து, ஒவ்வொன்றிலும் ஒருவரை நீக்கினால் டம்மி தயார். எத்தனை ரிட்டர்ன் வேண்டுமானாலும் உருவாக்கி அச்சிடலாம். இரண்டாவது மாநிலத்துக்கு மட்டும் கூடுதல் விலை. 2025 வரியாண்டுப் பதிப்பிலிருந்து டர்போடாக்ஸ் டெஸ்க்டாப்புக்கு விண்டோஸ் 11 வேண்டும், வாங்குமுன் பார்த்துக்கொள்ளுங்கள்.

சன்னிவேலும் டல்லாஸும்

டெக்சாஸில் மாநில வருமான வரி இல்லை. அதனால் கணவரின் சம்பளத்தைப் பற்றிக் கவலையில்லை, மனைவியின் சம்பளத்துக்குக் கலிஃபோர்னியா வரி கட்டினால் முடிந்தது என்றுதான் தோன்றும். மென்பொருளும் அப்படித்தான் நினைக்கிறது. தவறு.

கலிஃபோர்னியாவும் டெக்சாஸும் கம்யூனிட்டி ப்ராபர்ட்டி மாநிலங்கள். இப்படி ஒன்பது இருக்கின்றன. அரிசோனா, நெவாடா, வாஷிங்டன் ஆகியவையும் அதில் அடக்கம். இந்த மாநிலங்களில் நிரந்தர இருப்பிடம், அதாவது டோமிசைல், கொண்டவர் திருமண வாழ்க்கையில் சம்பாதிக்கும் சம்பளத்தில் பாதி சட்டப்படி துணைவருக்குச் சொந்தம். மனைவிக்கு 150,000, கணவருக்கு 130,000 என்றால், டல்லாஸ் சம்பளத்தில் பாதியான 65,000 மனைவியின் வருமானம். அவர் கலிஃபோர்னியா ரெசிடென்ட். எனவே அந்த 65,000-க்கும் கலிஃபோர்னியா வரி உண்டு. மறுபக்கம், மனைவியின் சம்பளத்தில் பாதி கணவருக்குச் சொந்தமானாலும், அது கலிஃபோர்னியாவில் வேலை செய்து வந்த பணம் என்பதால் அங்கே வரியிலிருந்து தப்பாது. ஆகக் கலிஃபோர்னியா கணக்கில் வரும் சம்பளம் 215,000.

இரண்டு பேரும் ஜாயின்ட் என்றால் கலிஃபோர்னியாவின் நான்ரெசிடென்ட் படிவமான 540என்ஆர். துணைவருக்கு அந்த ஆண்டு முழுவதும் கலிஃபோர்னியாவில் வருமானமே இல்லை என்றால் மாநிலத்தில் தனியாகப் போடலாம் என்று ஒரு விலக்கு இருக்கிறது. பலரும் அதைப் பிடித்துக்கொள்கிறார்கள். மேலே சொன்ன பாதிக் கணக்கால் கணவருக்கும் கலிஃபோர்னியா வருமானம் வந்துவிடுகிறது. அதனால் அந்த விலக்கு செல்லாது என்று மாநில வரி வாரியமான எஃப்டிபியே படிவ விளக்கத்தில் எச்சரிக்கிறது. மென்பொருள் டபிள்யூ-2வின் 15-ஆம் பெட்டியைப் பார்த்து, ஷெட்யூல் சிஏ (540என்ஆர்) அட்டவணையின் கலிஃபோர்னியா பத்தியில் 150,000 என்று நிரப்பும். 215,000 என்று மாற்றுவது நம் வேலை. அது ஏன் என்று எந்தப் பக்கமும் விளக்காது.

கணவர் டல்லாஸுக்குப் பதிலாக வட கரோலினாவிலோ நியூ ஜெர்சியிலோ நிலையாகக் குடியிருந்தால் கதை மாறும். அவை கம்யூனிட்டி ப்ராபர்ட்டி மாநிலங்கள் அல்ல, அவர் சம்பளம் அவருடையது மட்டும். கலிஃபோர்னியா அதற்கு வரி போடாது. விகிதத்தை நிர்ணயிக்க மட்டும் எடுத்துக்கொள்ளும்.

ப்ராஜெக்ட் முடிந்ததும் கலிஃபோர்னியாவுக்குத் திரும்பும் எண்ணத்தோடு கணவர் போயிருந்தால் டோமிசைலே மாறவில்லை. வேலை ஒப்பந்தத்தின் பேரில் தொடர்ந்து 546 நாட்களாவது வெளியே இருப்பவரை நான்ரெசிடென்ட்டாகக் கருதும் சலுகை இருக்கிறது. ஆண்டுக்கு 45 நாட்களுக்கு மேல் வந்து தங்கக் கூடாது. இந்தச் சலுகை கிடைத்தாலும் டோமிசைல் கலிஃபோர்னியாதான் என்பதால், அவர் சம்பளத்தில் பாதி மனைவியின் கணக்கில் வந்தே தீரும். எஃப்டிபியின் 1031-ஆம் வெளியீட்டை நிதானமாகப் படித்த பிறகே இதில் இறங்க வேண்டும்.

வரிசை தலைகீழாகும் இடமும் கலிஃபோர்னியாவில்தான் இருக்கிறது. அரிசோனா, ஓரிகன், வர்ஜீனியா ரெசிடென்ட்டுகள் கலிஃபோர்னியாவில் சம்பாதித்தால், கிரெடிட்டைச் சொந்த மாநிலத்தில் கேட்க முடியாது. கலிஃபோர்னியாவின் நான்ரெசிடென்ட் ரிட்டர்னில் ஷெட்யூல் எஸ் போட்டுக் கேட்க வேண்டும். அதற்குச் சொந்த மாநில ரிட்டர்னை முதலில் முடிக்க வேண்டும்.

இந்த வீட்டுக்கு எந்த மென்பொருளையும் பரிந்துரைக்க மனம் வரவில்லை. முதல் வருடம் மட்டுமாவது, கலிஃபோர்னியா கம்யூனிட்டி ப்ராபர்ட்டி தெரிந்த சிபிஏ அல்லது ஈஏ தகுதி பெற்ற வரி நிபுணர் ஒருவரிடம் போங்கள். டல்லாஸ் சம்பளத்தை 540என்ஆரில் எப்படிக் காட்டுவீர்கள் என்று முதல் போனிலேயே கேளுங்கள். டெக்சாஸில் வரியே இல்லையே என்று பதில் வந்தால் வேறு ஆளைப் பாருங்கள். அவர் போட்டுத் தந்த ரிட்டர்னை மாதிரியாக வைத்துக்கொண்டு அடுத்த ஆண்டு நீங்களே மென்பொருளில் செய்யலாம்.

ஊரில் எஃப்டி வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. வெளிநாடுவாழ் இந்தியருக்கான என்ஆர்ஈ கணக்கின் வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லை. ஆனால் இங்கே ஃபெடரலிலும் குடியிருக்கும் மாநிலத்திலும் உண்டு. என்ஆர்ஓ வட்டியில் இந்தியாவில் பிடித்த டிடிஎஸ்ஸுக்கு ஃபெடரலில் கிரெடிட் கிடைக்கும். கலிஃபோர்னியாவும் நியூ ஜெர்சியும் வெளிநாட்டு வரிக்குக் கிரெடிட் தருவதில்லை. வேலை மட்டும் பார்க்கும் மாநிலத்தின் பத்தியில் அந்த வட்டி வரவே கூடாது.

தாக்கல் முடிந்ததும் எல்லா மாநிலங்களின் பிடிஎஃப்பையும் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்; ஐடி-203-இன் நகலைக் காட்டச் சொல்லி நியூ ஜெர்சி பின்னால் கடிதம் அனுப்பலாம். ஆர்இவி-419 கொடுக்காதவர்கள் இந்த வாரமே கொடுத்துவிடுங்கள். நியூ ஜெர்சிக்கு அடுத்த ஆண்டும் 400 டாலருக்கு மேல் பாக்கி வரும் என்று தெரிந்தால், வரியை முன்கூட்டியே கட்டும் என்ஜே-1040-ஈஎஸ் தவணை தொடங்க வேண்டும். முதல் தவணைக்கும் கடைசி நாள் இதே ஏப்ரல் 15. அடுத்தவை ஜூன் 15, செப்டம்பர் 15, ஜனவரி 15.